கியர் பெட்டியும் நனைந்த தானியமும்



நான்கு ஆண்டுகளுக்கு முன் பழைய கார் ஒன்றை வாங்கினோம். உம்மாவைத் தக்கலையிலிருந்து நாகர்கோவில் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதற்கே அது தேவைப்பட்டது. சென்ற ஆண்டு உம்மா வஃபாத்தானார்கள். மகளின் கல்லூரிக் கட்டணம் முன்னே நின்றது. காரை விற்றுவிடலாம் என்று முடிவு செய்தோம்.

அதில் ஒரு குறை இருந்தது. மூன்றாம் கியர் போடும்போது கரகரவென்று உரசும். வேகம் கூடினால் வண்டு முரல்வதுபோல ஓர் இரைச்சல் எழும். விற்கும் முன் பார்த்துவிடலாம் என்று பட்டறையில் விட்டோம். அஸர் தொழுதுவிட்டுப் போனபோது மெக்கானிக் கியர் பெட்டியின் அடித்திருகைக் கழற்றியிருந்தார். எண்ணெய் பாகுபோல இழுபட்டு இறங்கியது. அதில் பித்தளைத் துகள்கள் பொன்பொடியாக மின்னின. திருகின் முனையிலிருந்த காந்தத்தில் இரும்புத்தூள் சேறாக அப்பியிருந்தது.

“உஸ்தாது, இது இந்த வண்டிக்கு உள்ள எண்ணெய் இல்ல. சத்தத்த அமுக்க யாரோ கட்டியா ஊத்தியிருக்காவ. நீங்க ஒரு தடவையாவது மாத்தினீங்களா?” என்றார்.

மாற்றியதில்லை. இஞ்சின் எண்ணெயை மட்டும் மாற்றி வந்தோம். கியர் பெட்டிக்கெனத் தனி எண்ணெய் உண்டு என்பதையே நினைத்துப் பார்க்கவில்லை.

அவர் பொறுமையாக விளக்கினார். இஞ்சின் வேகமாகச் சுழல்கிறது. சக்கரமோ ஏற்றத்தில் மெதுவாக, ஆனால் வலுவோடு சுழல வேண்டும். இரண்டையும் பொருத்தி வைப்பது கியர் பெட்டி. கியர் மாறும்போது வெவ்வேறு வேகத்தில் சுழலும் பாகங்களை முதலில் உரசி, வேகத்தைச் சமமாக்கி, பிறகு இணையவிடுவது சிறிய பித்தளை வளையம். 1928-இல் காடிலாக் கார்களில் இந்த முறை வந்தது. அதற்கு முன் உரசலின்றிக் கியர் மாற்ற ஓட்டுநர்கள் கிளட்சை இருமுறை மிதித்துப் பழக வேண்டியிருந்தது. எண்ணெய் அளவுக்கு மீறித் தடித்தால் அந்த வளையம் பிடிப்புக் கொள்ளாமல் வழுக்கும். இரைச்சல் அடங்கும்; தேய்மானம் அடங்காது.

வளையங்களும் பேரிங்குகளும் மாற்ற 18,000 ரூபாய் ஆகும் என்றார். உடனிருந்த தரகர் நம்மைத் தனியே அழைத்தார். “எதுக்கு உஸ்தாது வீண் செலவு? இன்னும் கொஞ்சம் கட்டியான எண்ணெயை ஊத்துங்க. ஒரு மாசம் சத்தமே கேக்காது. அதுக்குள்ள வித்துரலாம்.”

கூடாது என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். நாம் சொல்லவில்லை. யோசித்துச் சொல்வதாகக் கூறி வீடு திரும்பினோம். ‘நமக்கு விற்றவர் செய்ததுதானே? அவருடைய குறைக்கு நாம் ஏன் பணம் கட்ட வேண்டும்?’ என்று இரவெல்லாம் நஃப்ஸ் வாதாடியது. அந்த வாதம் நியாயமாகவும் பட்டது.

மறுநாள் காலை மதரஸாவில் பாடம், கடைவீதித் தானியக் குவியல் பற்றிய ஹதீஸ். முஸ்லிம் நூலில் பதிவானது. நபி (ஸல்) அவர்கள் குவியலுக்குள் கைவிட்டபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். பத்து வயது மாணவன் ஒருவன் எழுந்தான். “உஸ்தாது, அந்த வியாபாரி பொய் ஒண்ணும் சொல்லலியே?”

நமக்குச் சற்று நேரம் பேச்சு வரவில்லை. ஆம், அவர் பொய் சொல்லவில்லை. ஈரத்தைக் கீழே விட்டு, உலர்ந்ததை மேலே காட்டினார்; அவ்வளவுதான். தடித்த எண்ணெயும் அதைத்தானே செய்கிறது? தெரிந்த குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்றும், விற்கும் முன்பே இருந்த குறை பின்னர் தெரியவந்தால் பொருளைத் திருப்பித் தரும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்றும் ஃபிக்ஹு கூறுகிறது. அதற்குக் கியாருல் ஐப் என்று பெயர். அதைப் பல ஆண்டுகளாகப் பாடமாக நடத்தி வருபவர்கள் நாம். நமக்கு இழைக்கப்பட்ட அநீதி, அதை இன்னொருவர் தலையில் இறக்கி வைப்பதற்கு அனுமதிச் சீட்டாகாது.

பெட்டியைத் திறந்து பழுதுபார்க்கச் சொன்னோம். பணத்தைக் காக்காவிடம் கைமாற்றாகப் பெற்றோம். குலசேகரத்திலிருந்து காரைப் பார்க்க வந்தவரிடம், கழற்றிய வளையத்தைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னோம். மார்த்தாண்டம் நெரிசலில் அரைக் கிளட்சிலேயே ஓட்டி, கிளட்ச் தட்டையும் பாதி தேய்த்திருந்தோம், அதையும் மறைக்கவில்லை. அவர் நன்றி கூறிச் சென்றார், திரும்பி வரவில்லை. ஆறு வாரம் கழித்து வந்த இன்னொருவர் கிளட்சுக்காக 10,000 ரூபாய் குறைத்து வாங்கினார். கைமாற்று இன்னும் முழுதாகத் தீரவில்லை. ஆனால் அந்தக் கார் பேச்சிப்பாறை ஏற்றத்தில் பிள்ளைகளோடு போகுமே என்று அஞ்சி விழிக்கும் இரவு நமக்கு இல்லை, அல்ஹம்துலில்லாஹ்.

கார் வைத்திருக்கும் சகோதரர்களுக்கு, அந்த மெக்கானிக்கிடம் கற்றவற்றைச் சொல்கிறோம். கியர் எண்ணெயை மாற்றும் காலத்தையும் அதன் தரத்தையும் உங்கள் காரின் கையேட்டில் பாருங்கள். ஜிஎல்-4 என்று எழுதியிருந்தால் அதையே ஊற்றுங்கள். ஜிஎல்-5 எண்ணெய்களில் சில பித்தளையை அரிக்கக்கூடும். ஏற்றத்தில் நிற்கும்போது பிரேக்கில் நிறுத்துங்கள், கிளட்சில் நிறுத்தாதீர்கள். ஓடும்போது கிளட்ச் மிதியின் மேல் காலையும், கியர் தண்டின் மேல் கையையும் வைத்திருக்காதீர்கள். நியூட்ரலில் நிற்கும்போது கேட்கும் இரைச்சல் கிளட்சை மிதித்ததும் நின்றால், கியர் பெட்டியின் பேரிங்கைச் சந்தேகியுங்கள். மிதிக்கும்போது மட்டும் கேட்டால், அது பெரும்பாலும் கிளட்ச் பேரிங்.

பழைய கார் வாங்குவோர் இரைச்சலை மட்டும் நம்பாமல், அடித்திருகைக் கழற்றி எண்ணெயைப் பார்க்கச் சொல்லுங்கள். விற்போர், வாங்குபவர் கழற்றிப் பார்க்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

நம் கொடுக்கல் வாங்கலில் உண்மையையும் பரக்கத்தையும் அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.