அப்பாவின் செல்போன்

பிளஸ் டூ ரிசல்ட் முன்பெல்லாம் பள்ளிக்கூடத்துப் பலகையில் ஒட்டப்படும், மாலைப் பேப்பரில் நம்பர் வரும். இப்போது பதிவு செய்த செல்போனுக்கே எஸ்.எம்.எஸ். வந்துவிடுகிறது. அந்த செல்போன் யாருடையது? பல வீடுகளில் அப்பாவுடையது. அதாவது பையன் ஃபெயில் என்ற செய்தி பையனுக்கு முன்பே அப்பாவுக்குத் தெரிந்துவிடும். அவர் அப்போது மில்லில் ஷிப்டில் இருப்பார், இல்லாவிட்டால் லாரியில் பாதி வழியில்.

மாணவர்களின் மனநலத்துக்காக வந்திருக்கும் சேவைகளைப் பற்றிப் பேசுவதென்றால் இந்த செல்போனிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

சேவைகளுக்குப் பஞ்சமில்லை. கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது, 2020 ஜூலையில் மத்திய அரசின் 'மனோதர்பன்' வந்தது. என்ன படிக்கலாம், எங்கே படிக்கலாம் என்று வழிகாட்ட 2022 மார்ச் 1-ல் தமிழக அரசு 'நான் முதல்வன்' தொடங்கியது. அதே வருடம் அக்டோபர் 10, உலக மனநல நாளில் 'டெலி மானஸ்'. நம்பர் 14416. இலவசம், 24 மணி நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் இதற்கு 'நட்புடன் உங்களோடு' என்று அழகான பெயர். முதலில் பேசுபவர் பயிற்சி பெற்ற ஆலோசகர். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார். 2024 அக்டோபரில் ஆப்பும் வந்துவிட்டது.

நல்ல ஏற்பாடுதான், சந்தேகமில்லை. ஆனால் ஒரு பத்தாம் வகுப்புப் பெண் அதைக் கூப்பிட முயல்வதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வீட்டில் ஒரே போன். அது அப்பா வந்த பிறகு ராத்திரி எட்டு மணிக்குத்தான் கைக்கு வரும். வீடு ஒரு ஹால், ஒரு சமையலறை. ஹாலில் தம்பி டிவி பார்க்கிறான், சமையலறையில் அம்மா. மொட்டை மாடிக்குப் போனால், "இந்நேரத்துல அங்க என்னடி வேலை?" என்று கீழேயிருந்து குரல் வரும். எப்படியோ பேசி முடித்தாலும் அந்த ஐந்து இலக்க நம்பர் போனிலேயே நிற்கும். மறுநாள் காலை அப்பா கேட்பார், "இது யாரு நம்பர்?" அழிக்கத் தெரிந்த பெண் பிழைத்தாள் :-)

எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் அழைப்புக்கும் இதே கதிதான். 2021-ல் நீட் எழுதிய 1 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு போனில் ஆலோசனை தர தமிழக அரசு ஏற்பாடு செய்தது. பையன் தானாகக் கூப்பிடுவான் என்று காத்திருக்காமல் அரசே கூப்பிட்டது பெரிய விஷயம். ஆனால் மணி அடிப்பது விண்ணப்பத்தில் எழுதிய நம்பரில். அதை அப்பா எடுத்து, "அவன் நல்லாத்தான் இருக்கான் மேடம்" என்று சொல்லி வைத்துவிட்டால்? அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

போனே தேவைப்படாத இரண்டு விஷயங்களும் இங்கே நடந்திருக்கின்றன. ஒன்று, ஃபெயிலானவர்கள் ஒரு வருடம் வீட்டில் உட்காராமல் ஒன்றிரண்டு மாதங்களிலேயே துணைத்தேர்வு எழுதலாம் என்ற ஏற்பாடு. இன்னொன்று, மாநில அளவில் முதல் மூன்று இடம் அறிவிப்பதை 2017-ல் நிறுத்தியது. யாரும் லாகின் செய்ய வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம். கூச்சப்பட்டு வாயே திறக்காத மாணவனுக்கும் இவை போய்ச் சேருகின்றன.

14416 அவனுக்குப் போய்ச் சேர என்ன வழி? இன்னொரு ஆப் செய்து பயனில்லை. பள்ளியிலேயே ஒரு போன், அதற்கு ஒரு அறை. தலைமை ஆசிரியர் மேஜையில் இருக்கும் போன் ஆகாது, அங்கே கிளார்க் இருப்பார், பியூன் வருவார். கதவு சாத்திக்கொள்ளும்படி இருக்க வேண்டும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் யார் போனாலும் "எதுக்குப் போற?" என்று கேட்கக் கூடாது. இடமில்லை என்பார்கள். உடைந்த பெஞ்சுகளை அடுக்கிப் பூட்டி வைத்திருக்கும் அறை ஒன்று பல பள்ளிகளில் இருக்கிறது.