மட்டாஞ்சேரித் துறையிலிருந்து வள்ளப் போட்டிக்கு

மட்டாஞ்சேரி என்றதும் நம்மவர் பலருக்கு நினைவில் எழுவன மிளகின் மணமும், யூதர் தெருவும், டச்சு அரண்மனையுமே. அந்த அரண்மனை டச்சுக்காரர் கட்டியதன்று. பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் போர்த்துகீசியர் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்தது அது. 1663-க்குப் பின் டச்சுக்காரர் அதைப் பழுது பார்த்துப் புதுப்பித்தனர். பெயர் அவர்களுக்குப் போய்விட்டது. அரண்மனையை ஒட்டி, 1568-இல் எழுந்த யூத ஆலயம் நிற்கிறது. அதன் பெயரே ‘பரதேசி’ ஆலயம். வேற்று நாட்டிலிருந்து வந்தவர் கட்டியது என்பது பொருள். வந்தவன் என்பதை மறைக்காமல் பெயரிலேயே வைத்துக்கொண்டு நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்திருக்கும் கட்டடம் அது!

உண்மையில் ஊர் முழுவதுமே அப்படிப்பட்டதுதான். கொங்கணியர், குஜராத்தியர், கச்சி மேமன்கள் எனப் பல திசையினர் இங்கே குடியேறி, அவரவர் கோயிலும் பள்ளிவாசலும் உணவும் மொழியும் விடாமல் வாழ்கின்றனர். அடுத்துள்ள ஃபோர்ட் கொச்சியின் வெளி என்னும் பகுதியில் வண்ணார் துறை ஒன்று உண்டு. தமிழ்நாட்டிலிருந்து வந்து பல தலைமுறைகளாகச் சலவைத் தொழில் செய்துவரும் நம் மக்கள் துறை அது. கல்லில் துணி அறையும் ஓசைக்கு நடுவே தமிழ்ப் பேச்சு காதில் விழும்போது, நடந்து செல்பவர் கால்கள் தாமே நின்றுவிடும்.

ஆயினும் மட்டாஞ்சேரியைத் தெருவழியே மட்டும் பார்ப்பது பாதி பார்ப்பதேயாகும். பஜார் சாலையின் பழைய பண்டகசாலைகளுக்கு இரண்டு வாயில்கள்: ஒன்று தெருவை நோக்கியது, மற்றொன்று நீரை நோக்கியது. மிளகும் அரிசியும் வள்ளங்களில் வந்து இறங்கியது அந்த இரண்டாம் வாயிலில்தான். அங்கே படியைத் தொடும் நீர், தெற்கே ஆலப்புழை வரை நீண்டு கிடக்கும் வேம்பநாட்டுக் காயலின் வடபகுதி. ஆகவே குட்டநாட்டில் தட்டும் துடுப்பின் அலை இங்கே வந்து முடிகிறது என்று சொன்னால் அது வெறும் கற்பனையாகாது.

மட்டாஞ்சேரித் துறையில் படகேறினால் எதிரே வில்லிங்டன் தீவு. ராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியாளர் காயலை ஆழப்படுத்தித் துறைமுகம் அமைத்தபோது, தோண்டிய மண்ணைக் கொட்டி உருவாக்கிய தீவு அது. அதன் வடமுனையைச் சுற்றிக் கிழக்கே திரும்பினால் எறணாகுளத்துக் கரையும் மரைன் டிரைவும் தெரியும். 2025 அக்டோபரில் நீர் மெட்ரோவும் மட்டாஞ்சேரிக்கு வந்துவிட்டதால் பிரயாணம் இன்னும் எளிதாயிற்று. அந்த மரைன் டிரைவின் முன்னே, கேரளத்தின் சுண்டன் வள்ளங்கள் போட்டியிடும் களங்களுள் ஒன்று அமைந்தது.

சுண்டன் வள்ளப் போட்டி என்றால் ஆலப்புழை நேரு கோப்பைதான் நம் நினைவுக்கு வரும். 1952-இல் நேரு அங்கே வந்து, வென்ற நடுபாகம் வள்ளத்தில் தாமே ஏறிக்கொண்டார். பின்னர் வெள்ளிக் கோப்பை ஒன்றை அனுப்பினார். அது ஒருநாள் விழா. 2019-இல் கேரள அரசு சாம்பியன்ஸ் போட் லீக் என்னும் தொடரைத் தொடங்கியபோது நிலைமை மாறியது. நேரு கோப்பையில் விரைந்து சென்ற ஒன்பது வள்ளங்கள், வாரந்தோறும் ஓர் ஊராக, புளிங்குன்னு, தாழத்தங்காடி, கருவாற்றா, பிறவம், கொச்சி, கோட்டப்புரம் முதலிய இடங்களில் மோதிக் கொல்லத்தில் முடித்தன. அவ்வாண்டு பன்னிரண்டு போட்டிகள், ஒவ்வொன்றுக்கும் புள்ளிகள், மொத்தப் புள்ளியில் முந்தியவருக்கு 25 லட்சம் ரூபாய். பிரான்சில் 1903 முதல் நடந்துவரும் சைக்கிள் பந்தயம் இருபத்தோரு கட்டங்களாக நாட்டைச் சுற்றி வருமே, அதற்கு நம் பக்கத்து நீர்வழி உறவு என்று இதைச் சொல்லலாம். ஒருநாள் வெற்றிக்கு ஆவேசம் போதும். பல வாரத் தொடருக்கு வேறொன்று வேண்டும்.

அந்த வேறொன்று எது? பருவம் தொடங்குமுன் காயல் கரைகளில் நடக்கும் வாதமெல்லாம் இதைப் பற்றியதே. இங்கே ஒரு நுட்பம் அறியத்தக்கது. வள்ளம் ஊருக்குச் சொந்தம். கரைக்காரர் பணம் திரட்டிக் கட்டிய ஊர்ப் பெருமை அது. துடுப்புப் போடுபவர்களோ படகுச் சங்கத்தார். ஆண்டுதோறும் எந்தச் சங்கம் எந்த வள்ளத்தை எடுக்கும் என்பது பேசி முடிக்கப்படுகிறது. ஆகவே ‘இவ்வாண்டு வெல்லப்போவது யார்?’ என்ற கேள்விக்குள் இரண்டு கேள்விகள் உள்ளன: வள்ளமா, ஆட்களா?

பள்ளாத்துருத்திப் படகுச் சங்கத்தின் வரலாறு இதற்கு ஒரு விடை தருகிறது. 2018-இல் பாயிப்பாடன், 2019-இல் நடுபாகம், 2022-இல் மகாதேவிக்காடு காட்டில் தெக்கேதில், 2023-இல் வீயபுரம், 2024-இல் காரிச்சால் என ஐந்து வெவ்வேறு வள்ளங்களில் அச்சங்கம் நேரு கோப்பையை அடுத்தடுத்து வென்றது. (2020, 2021 ஆகிய ஆண்டுகளில் கொள்ளைநோயால் போட்டி நடைபெறவில்லை.) வள்ளம் மாறியும் வெற்றி மாறவில்லை, எனவே ஆட்களே காரணம் என்று வாதித்தோர் பலர்.

ஆனால் 2024-இன் முடிவைக் கூர்ந்து பாருங்கள். காரிச்சால் கடந்த நேரம் 4 நிமிடம் 29.785 விநாடி, கைனகரி வில்லேஜ் படகுச் சங்கத்தார் செலுத்திய வீயபுரம் கடந்தது 4 நிமிடம் 29.790 விநாடி. வேற்றுமை ஒரு விநாடியில் இருநூற்றில் ஒரு பங்கு! கண்ணிமைக்கும் நேரம்கூட அன்று. தோற்ற கைனகரியார் வள்ளத்தை மாற்றவில்லை. அதே வீயபுரத்தோடு 2025-இல் திரும்பி வந்து கோப்பையை எடுத்தனர். ஒரு சாரார் புது வள்ளத்துக்குத் தங்களைப் பழக்கிக்கொண்டு வென்றனர். மற்றொரு சாரார் பழைய வள்ளத்தை விடாமல் வென்றனர். இருவருக்கும் பொதுவானது, நூறு பேர் ஒரே தாளத்துக்கு உட்பட்டது ஒன்றே.

அந்தத் தாளத்துக்குத் தலைவர் யார்? பத்திரிகையில் கேப்டன் என்று ஒருவர் பெயர் வரும். ஆனால் வள்ளத்துக்குள் தலைமை மூன்று இடங்களில் பகிர்ந்து கிடக்கிறது. பின்கோடியில் உயர்ந்த அமரத்தில் நான்கைந்து பேர் நீண்ட துடுப்புகளோடு நிற்பர், அவர்கள் அமரக்காரர். திசை அவர்கள் பொறுப்பு. அமரம் என்னும் சொல் நம் தமிழிலும் உள்ளதே. நடுவில் நிற்போர் நிலைக்காரர். கனத்த கழியால் பலகையை இடித்துத் தாளம் கொடுப்பது அவர்கள் பணி. முன்கோடியில் அமர்ந்திருக்கும் முதல் துடுப்புக்காரர், தம் துடுப்பு நீரில் விழும் வேகத்தால் பின்னால் உள்ளோர் அனைவருக்கும் வேகம் வகுப்பர். முன்னிருப்பவன் அமரத்தைக் காண முடியாது; அமரத்தில் நிற்பவன் துடுப்பு வேகத்தைத் தானே கூட்ட முடியாது. ஒருவரை ஒருவர் நம்புவதன்றி வேறு வழியில்லை. ஒருவன் தன் வலிமையைக் காட்ட எண்ணித் தாளத்தை முந்தினால், அவன் துடுப்பு அடுத்தவன் துடுப்பில் மோதும். வள்ளத்தின் ஓட்டம் தளரும். பலசாலி செய்யும் கேடு சோம்பேறி செய்யும் கேட்டினும் பெரிது!

சைக்கிள் பந்தயத்தார் படும் பாடும் இதுவேயாம். எட்டுப் பேர் கொண்ட குழுவில் ஒருவரே தலைவர். மற்றவர் அவருக்குக் காற்றைத் தடுத்து, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து உழைப்பவர். 1985-இல் அமெரிக்கரான லெமோண்ட் தம் குழுத் தலைவர் இனோவின் வெற்றிக்குத் துணை நின்றார். அடுத்த ஆண்டு உமக்கு நான் துணை என்று இனோ வாக்களித்தார். 1986-இல் அவரே முன்னேறித் தாக்கினார்! லெமோண்ட் வென்றாரேனும் குழு இரண்டுபட்டது. இதற்கு மாறாக, 2023 ஸ்பெயின் பந்தயத்தில் ஆண்டுக்கணக்காகப் பிறருக்கு உழைத்த செப் கஸ் என்பவர் முன்னணியில் நின்றார். அதே ஆண்டில் இத்தாலியப் பந்தயத்தை வென்ற ரோக்லிச்சும், பிரெஞ்சுப் பந்தயத்தை வென்ற விங்கெகார்டும் அவருடைய குழுவினரே. இறுதிக் கட்டங்களில் அவ்விருவரும் அவருக்கு வழிவிட்டுப் பின்நின்றனர். மூவரும் முதல் மூன்று இடங்களையும் பெற்றனர். தலைமையை ஏற்பது அரிது; தகுதி இருந்தும் விட்டுக்கொடுப்பது அதனினும் அரிது.

இக்காலச் சுண்டன் வள்ளங்களில் பிற மாநிலத்து வீரர்களும் அமர்கின்றனர். அவர்கள் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. அதைப் பற்றிய பூசலும் உண்டு. ‘எங்கள் ஊர் வள்ளத்தில் அயலானா?’ என்ற கேள்வி, ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நமக்குப் புதிதன்று. கரைக்காரரின் மனக்குறையிலும் நியாயம் உண்டு. அவர்கள் பணமும் பெருமையும் அந்த மரத்தில் அடங்கியிருக்கின்றன. ஆயினும் நீரில் இறங்கியபின் துடுப்புக்கு ஊர் தெரிவதில்லை. அது தாளத்தோடு விழுகிறதா என்பதே கேள்வி. தாளத்தை அறிந்துகொள்வது வந்தவன் கடமை. அவனுக்கு இடம் விட்டு அமர்வது இருப்பவன் பெருந்தன்மை.

கொச்சிக்கு வரும் நம் குடும்பங்கள் பிள்ளைகளை அரண்மனைக்கும் யூதர் தெருவுக்கும் அழைத்துச் செல்வதோடு நிறுத்தாமல், வள்ளப் போட்டிப் பருவத்தில் ஒரு நாளேனும் காயல் கரைக்கு அழைத்துச் செல்வார்களாக. முன்னே வரும் வள்ளத்தை மட்டும் காட்டாதீர்கள். நடுவில் நின்று கழி இடிப்பவரைக் காட்டுங்கள். துடுப்பு ஒன்றுகூடப் பிடிக்காத அவர் ஏன் அந்த வள்ளத்தில் இருக்கிறார் என்று பிள்ளைகள் கேட்கட்டும்.