ராணியை மாத்தினேன்... கொட்டு நிக்கலையே!

உங்களுக்கு அரியர், அட்டெண்டன்ஸ், ஹாஸ்டல் சாம்பார்னு ஆயிரம் பிரச்னை இருக்கும். எனக்கு இருந்தது ஒண்ணே ஒண்ணு. ஆனா அதுக்கு ஆயிரக்கணக்குல கொடுக்கு!

எனக்கு ஊரு மார்த்தாண்டம் பக்கம். ரப்பர் மரம் துளிர்க்கிற மாசி, பங்குனிதான் எங்களுக்குத் தேன் சீசன். வீட்டுக்குப் பின்னால நாலு தேன்பெட்டி. அதுல ஒண்ணு, தாத்தா இறந்துபோறதுக்கு முன்னால மரப்பொந்துல இருந்து கடைசியா பிடிச்சுட்டு வந்த கூட்டம். மூணு பெட்டியும் பசு மாதிரி. தாத்தா பெட்டி மட்டும் ஜல்லிக்கட்டு!

ஒருநாள் பக்கத்து வீட்டு அக்காவோட நாலு வயசுப் பையன் பந்து எடுக்க வந்தான். முகத்துல பத்துப் பன்னெண்டு கொட்டு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். பிழைச்சுட்டான். அன்னிக்கு ராத்திரி அப்பா, "மக்கா, அந்தப் பெட்டியைக் கொளுத்திரலாம்"னாரு.

நான் தேன் வளர்க்கிற மாமாகிட்ட ஓடினேன். அவர் முதல்ல எறும்பு ஏறுதா, குளவித் தொல்லையா, தீனி இருக்கா, ராணி இருக்கான்னு பார்த்தாரு. எல்லாம் சரியா இருந்துச்சு. "அப்ப இது ரத்தத்துல வந்த கோபம். ராணியை மாத்தணும்"னாரு.

லாஜிக் சிம்பிள். பெட்டியில இருக்கிற வேலைக்கார ஈ எல்லாமே ராணியோட பிள்ளைங்க. அம்மாவும், அவ சேர்ந்த ஆண் ஈக்களும் எப்படியோ, பிள்ளைங்களும் அப்படி. சாதுவான பெட்டியில இருந்து ஒரு ராணி அறையை வெட்டி இதுல வெச்சா, வம்சமே மாறிடும்.

ஆனா அதுக்கு முன்னால பழைய ராணியை நசுக்கணும். புகை போட்டு, சட்டம் சட்டமாத் தேடிக் கண்டுபிடிச்சேன். விரல் நடுங்குச்சு. தாத்தா கொண்டுவந்த ராணியாச்சே! மாமா சொன்னாரு: "தாத்தாவை நெனைக்காத. அந்தப் பையன் முகத்தை நெனச்சுக்கோ." கண்ணை மூடிட்டு நசுக்கிட்டேன்.

அவசரத்துல அன்னிக்கே புது ராணி அறையையும் வெச்சேன். தப்பு! மூணாம் நாள் பார்த்தா அறையோட பக்கவாட்டுல ஓட்டை. ராணி தானா வெளிய வந்திருந்தா, நுனி மூடி வட்டமாத் திறந்திருக்கும். பக்கத்துல ஓட்டைன்னா கடிச்சுக் கொன்னுடுச்சுங்கன்னு அர்த்தம். பழைய ராணியோட புழுக்கள்ல இருந்தே தங்களுக்கு ஒரு ராணியைத் தயாரிக்கவும் ஆரம்பிச்சிருந்துச்சுங்க.

ஒன்பதாம் நாள் வரைக்கும் காத்திருந்தேன். அதுக்குள்ள ராணியாக்கத் தகுந்த இளம்புழு ஒண்ணும் மிஞ்சாது. அதுங்க கட்டின ராணி அறை எல்லாத்தையும் ஒண்ணு விடாம கிள்ளிட்டு, இன்னொரு அறையை வெச்சேன். நம்ம நாட்டுத் தேனீயை ரொம்பத் தொந்தரவு பண்ணினா பெட்டியைக் காலி பண்ணிட்டுப் பறந்துடும். அந்தப் பயம் வேற!

ரெண்டு வாரம் கழிச்சு சட்டத்தைத் தூக்கினேன். அறைக்கு ஒண்ணா, குட்டிக் குட்டி வெள்ளை முட்டை! கத்தணும் போல இருந்துச்சு. கத்தலை. ஏன்னா அப்பவும் கையில நாலு கொட்டு!

"ராணி மாறியும் கொட்டுதே மாமா?"

"புது ராணி முட்டைதானே மக்கா போட்டிருக்கா? கொட்டுறது பழசோட பிள்ளைங்க. அதுங்க காலம் முடியட்டும்."

முட்டை ஈயா வெளிய வர கிட்டத்தட்ட மூணு வாரம். பழசுங்க செத்துத் தீர இன்னும் சில வாரம். அப்பாகிட்ட கெஞ்சிக் கெஞ்சி டைம் வாங்கினேன். பெட்டியைச் சுத்தி ஓலைத் தடுப்பு கட்டினேன். தினமும் சாயங்காலம் அக்கா வீட்டுத் திண்ணையில அந்தப் பையனோட உக்காந்து பந்து விளையாடினேன்.

ரெண்டரை மாசம் ஆச்சு. ஒருநாள் வலை போடாம மூடியைத் திறந்தேன். ரெண்டு ஈ வந்து முகர்ந்து பார்த்துட்டுத் திரும்பிப் போயிடுச்சு. அவ்ளோதான்!

நாமளும் ஒண்ணாம் தேதி சபதம் எடுத்து, மூணாம் தேதியே "நான்லாம் திருந்தாத கேஸு"ன்னு விட்டுடுறோம். பாஸ், ராணி மாறியாச்சு. கொட்டுறது பழைய பழக்கத்தோட மிச்சம். கொஞ்சம் டைம் குடுங்க!

அந்தப் பையன் இன்னும் எங்க தோட்டத்துக்குள்ள வர்றதில்ல. கேட் வரைக்கும் வந்துட்டான். வருவான். காத்திருக்கக் கத்துக்கிட்டேனே!