மூன்று கிணறுகள்

கடைசி மின்சார வண்டி பொத்தேரியைக் கடந்து சென்ற பின்னரும் எங்கள் வீட்டுக் கூடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. என் மகள் தன் முதல் ஆய்வுக் கட்டுரைக்கு இறுதி வடிவம் கொடுத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் அதை ஓர் ஆய்விதழுக்கு அனுப்பவேண்டும்.

சுற்றுவட்டாரத்துக் கிணறுகள் 30இல், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் நீரெடுத்து, அதில் கரைந்துள்ள உப்பை அவள் அளந்திருந்தாள். குடிநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருத்தல் நலம் என்பது நம் நாட்டுத் தர அளவு; வேறு நீர் கிட்டாதவிடத்து 2000 வரை ஒப்புவர். மழைக்குப்பின் 27 கிணறுகளில் உப்புக் குறைந்திருந்தது; மூன்றில் கூடியிருந்தது.

“இந்த மூன்றையும் விட்டுவிட்டால் கட்டுரை சீராக அமைந்துவிடும், அப்பா” என்றாள். குரலில் களைப்பு இருந்தது, வஞ்சகம் இல்லை. ஆயினும் என் நெஞ்சம் திடுக்கிட்டது.

நான் அறிவியல் பயின்றவன் அல்லன்; கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். வரவும் செலவும் ஒத்துவராத ஒரு நாளில் பற்றுச்சீட்டு ஒன்றை நான் மறைத்ததுண்டு. எவரும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால், அந்த ஏட்டைப் புரட்டும்போதெல்லாம் அப்பக்கத்தில் என் கை தயங்கும். எவரிடமும் சொல்லாத அதனை அன்றிரவு மகளிடம் சொன்னேன். பின்பு, “அந்த மூன்று கிணற்று நீரையும் யாரம்மா குடிக்கிறார்கள்?” என்று கேட்டேன்.

அவள் தலை கவிழ்ந்தாள். “ஒன்றை ஒரு பாட்டி வீட்டார் குடிக்கிறார்கள். ஆனால், கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டால்?”

கணித மேதை இராமானுஜனின் முதல் கட்டுரையே திரும்பி வந்ததுதான். பெர்னூலி எண்களைப் பற்றிய அக்கட்டுரை, இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் 1911ஆம் ஆண்டு வெளிவந்தது. இடைப்படிகளை விடுத்து முடிவுக்குத் தாவும் அவர் எழுத்தைப் பிறர் பின்தொடர இயலாது எனக் கண்ட ஆசிரியர் நாராயண ஐயங்கார், ஒருமுறைக்கு மேல் அதனைத் திருப்பியனுப்பினார். இராமானுஜனும் திருத்தினார். மேதைக்கே அவ்வாறெனில், நமக்கு அதில் என்ன இழிவு? முன்பின் அறியாத ஒருவர் அதே வழியில் சென்று சரிபார்க்க வேண்டும் என்பதற்காகவன்றோ நீரெடுத்த நாள், இடம், கருவி, பிழையளவு யாவற்றையும் எழுதச் சொல்கின்றனர்!

விடியுமுன் மூன்று கிணறுகளும் அட்டவணைக்குத் திரும்பின. மேல்மண்ணிலும் கழிவுநீர்க் குழிகளிலும் தங்கிய உப்பை மழை நிலத்தடிக்கு இறக்கியிருக்கலாம். உறுதி செய்ய மேலும் ஆய்வு தேவை என்று ஒரு பத்தியும் சேர்ந்தது. அன்று மாலையே பாட்டி வீட்டிற்குச் சென்று செய்தியைச் சொல்லி வந்தாள்.

கட்டுரை திரும்பித்தான் வந்தது. அம்மூன்று கிணறுகளிலும் மீண்டும் நீரெடுத்து அளக்குமாறு மதிப்பீட்டாளர் கேட்டிருக்கிறார். மகள் புட்டிகளைக் கழுவி வெயிலில் கவிழ்த்திருக்கிறாள்.

“எத்தனை மதிப்பெண்? எப்போது பட்டம்?” என்று பிள்ளைகளைக் கேட்கிறோம். “உள்ளதை உள்ளபடி எழுதினாயா?” என்றும் கேட்போமாக.