ஒப்பாரியில் நாம் நீக்கிய வரிகள்

ராயகிரியில் இழவு வீட்டுக்குச் செல்லும்போதெல்லாம் பழைய குற்றவுணர்வு ஒன்று நமக்குள் தலைதூக்கும். முதுகலை பயின்ற காலத்தில், தொண்ணூறுகளின் இறுதியில், ஆய்வேட்டுக்காக அவ்வூரில் பெரியம்மை பாடிய ஒப்பாரிகளை ஒலிநாடாவில் பதிவு செய்தோம். கணவனை இழந்தவளின் புலம்பலாகத்தான் தொடங்குவார். சிறிது நேரத்தில், நாற்று நட்டும் கூலி வராமற் போன கதை வந்துவிடும். பாகப்பிரிவினையில் ஓரவஞ்சனை செய்த கொழுந்தன்மீது வசவு விழும். அதே மூச்சில் இறந்தவரின் குறட்டையைப் பற்றி ஒரு கேலி. பாடி முடித்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போதுமாய்யா?" என்பார்.

ஆய்வேட்டில் புலம்பலை மட்டும் வைத்துக்கொண்டோம். கூலிக் கணக்கும் வசவும் கேலியும் இடையில் புகுந்தவை என்று தள்ளப்பட்டன. நெறியாளர் சொல்லிச் செய்ததன்று, நாமே செய்தது. ஒப்பாரி என்றால் அவலம், அவலத்தில் பிற கலக்கலாகாது என்பது அன்று நம் வகைமை ஆசாரம். ஒலிநாடா பூஞ்சை பிடித்துப் போயிற்று. பெரியம்மையும் போய்விட்டார். எஞ்சியிருப்பது நாம் வெட்டிச் சீராக்கிய பிரதி மட்டுமே.

2021 மார்ச்சில் 'என்ஜாயி எஞ்சாமி' வெளிவந்தபோது மாணவர் ஒருவர் அதை நமக்கு அனுப்பிவைத்தார். தீயும் அறிவும் பாடி, சந்தோஷ் நாராயணன் தயாரித்து, 'மாஜா' வெளியிட்ட பாடல். எந்தத் திரைப்படத்தையும் சாராதது. ஆட்டப்பாட்டு என்று முதல்முறை ஒதுக்கிவிட்டோம். அடுத்த முறை கேட்கையில், துள்ளும் தாளத்துக்கும் ராப்பின் சொல்லடுக்குக்கும் ஊடே ஒப்பாரியின் இழுவை எழுந்தது. அப்போதுதான் செவி திறந்தது என்று சொல்ல வேண்டும். நிலமற்றவர்களாய் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த முன்னோரையும் தம் பாட்டியையும் நினைத்து அறிவு எழுதியது அது. நம் நெல்லைச் சீமையிலிருந்தும் கண்டிக்குக் கப்பலேறியவர்கள் உண்டு. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் திரும்பியவர்களும் உண்டு. அவர்கள் வீட்டுச் சாவில் இந்தக் குரலை நாம் கேட்டுமிருக்கிறோம், ஏட்டில் ஏற்றாமல் விட்டுமிருக்கிறோம்.

அந்த வாரம் வகுப்புக்காக மெய்ப்பாட்டியலைப் புரட்டினோம். அழுகைக்குத் தொல்காப்பியர் நான்கு நிலைக்களன் சொல்கிறார்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறரால் இகழப்படுதல், இழத்தல், முன்னை நிலையிலிருந்து தாழ்தல், இல்லாமை. ஆண்டுதோறும் நடத்திய நூற்பாதான். ஆயினும் சாவு அந்த நான்கில் ஒன்றுக்குள்தான் அடங்குகிறது என்பது நமக்கு உறைத்ததில்லை. பெரியம்மையின் கூலிக் கணக்கு வறுமை, பாகப்பிரிவினை இளிவு. நாம் நீக்கியவை அழுகைக்குப் புறம்பானவை அல்ல, அழுகையின் முக்கால் பங்கு. குறட்டைக் கேலி மட்டும் நூற்பாவுக்குள் அடங்கவில்லை. அடங்கித்தான் ஆகவேண்டும் என்பதுமில்லை.

கலப்பு ஒன்றும் இந்தத் தலைமுறையின் கண்டுபிடிப்பன்று. சங்கரன்கோவில் பக்கத்துச் சென்னிகுளத்து அண்ணாமலை ரெட்டியார், பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கழுகுமலைக்குக் காவடி சுமப்பவரின் நடைத்தாளத்தில் அகத்துறையை ஏற்றிவிட்டார். தலைவியும் தோழியும் காவடியோடு நடந்தார்கள். பின்னர் சபா மேடையும் அந்தச் சிந்தை ஏற்றுக்கொண்டது. 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' கானாவையும் ராக்கையும் ராப்பையும் இணைத்தது. அயோத்திதாசரின் 'சாதிபேதமற்ற' என்னும் சொல்லிலிருந்து பெயர் எடுத்த குழு அது. அறிவும் அதில் பாடியவர். அங்கே மேலோங்கியது வெகுளி. வெகுளியின் நிலைக்களன்களுள் 'குடிகோள்' என்று ஒன்றுண்டு; தன் குடியை நலிவோர்மீது எழும் சினம். வேறு உரை வேண்டியதில்லை.

சுயாதீன இசை என்ற பெயரில் வருவன எல்லாம் மெய் என்று நாம் சொல்ல வரவில்லை. கிதாரை மடியில் வைத்துக்கொண்டு முணுமுணுக்கும் துயரங்கள் பலவற்றில், யாருக்கு என்ன நேர்ந்தது என்பதே தெரிவதில்லை. துயரத்தின் சாயல் மட்டும் இருக்கிறது. பெரியம்மையின் பாட்டில் கடன் தொகைகூட இருந்தது. 'எஞ்சாமி'யும் சிக்கலுக்குத் தப்பவில்லை. அதில் யாருடைய உழைப்பு எவ்வளவு என்பது 2022இல் பொதுவெளியில் விவாதமாயிற்று. நிலத்தை உழுதும் உரிமையற்றுப்போனவர்களைப் பற்றிய பாட்டுக்கே உரிமை கேட்கவேண்டி வந்தது கசப்புத்தான்.

சென்ற கோடையில் ராயகிரியில் உறவினர் ஒருவர் காலமானார். பதினாறு கழிந்தபின், அங்கே ஒப்பாரி பாடிய மதினியிடம் மீண்டும் பாடச் சொல்லிக் கைபேசியில் பதிவு செய்தோம். மகளிர் குழுக் கடன், மலையிறங்கி வந்து தோப்பை அழித்த யானை, ஊர் திரும்பாத மகன், எல்லாம் வந்தன. நடுவே மாமியார் மீது ஒரு வசவு. பாடுவதைச் சட்டென நிறுத்தி, "இதையும் எழுதுவியளா?" என்று கேட்டார்.

எழுதுவோம் என்றோம். பதினான்கு நிமிடப் பதிவு. இதுவரை ஆறு நிமிடத்தைத்தான் எழுத்தில் ஏற்றியிருக்கிறோம். அந்த வசவு நான்காம் நிமிடத்தில் வருகிறது.