சித்திக்குத் தெரியுமா?

சித்தியை மார்பகப் புற்றுநோய் டிரையலில், அதாவது மருத்துவ ஆய்வில், சேர்க்கலாமா என்று கேட்டு நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ரிப்போர்ட்டுகளைப் பார்த்தேன். நான் உனக்குச் சொந்த ஆச்சி இல்லை, தெருவுக்கு ஆச்சி. அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள் என்பதால் கேட்டிருக்கிறாய். பதில் சொல்லுமுன் எனக்கு ஒன்று தெரிய வேண்டும். சித்திக்கு என்ன நோய் என்று சித்திக்குத் தெரியுமா?

சிரிக்காதே. கொற்கையிலும் ஏரலிலும் உமரிக்காட்டிலும் இது நடக்கிற கதைதான். “நெஞ்சுல ஒரு கட்டி, கரண்டு வச்சா கரைஞ்சிரும்” என்று சொல்லியே கூட்டிப்போவார்கள். நோய் எலும்புக்கும் ஈரலுக்கும் பரவிவிட்டது என்பது மகனுக்குத் தெரியும், மருமகளுக்குத் தெரியும், கார் ஓட்டி வந்தவனுக்கும் தெரியும். படுத்திருக்கிறவளுக்கு மட்டும் தெரியாது. பாசத்தில் செய்கிறார்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அப்படி மறைத்து வைத்த பெண்ணை முறையாக நடக்கும் எந்த டிரையலிலும் சேர்க்க முடியாது. 2019-ல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளின்படி, நோய் என்ன, ஆய்வு எதற்கு, என்ன கெடுதல் வரலாம், வேறு என்ன வைத்தியம் இருக்கிறது என்பதையெல்லாம் அவளுக்குப் புரியும் மொழியில் சொல்லி அவளிடமே சம்மதம் வாங்க வேண்டும். படிக்கத் தெரியாதவளாக இருந்தால், ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி பக்கத்தில் இருந்து முழுவதையும் கேட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். அவள் நிதானமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது அவளுக்குப் பதிலாக நீ போடும் கையெழுத்து செல்லாது. நீ எம்.எஸ்சி. படித்திருந்தாலும் செல்லாது.

அடுத்தது உடம்பு. மார்பகப் புற்றுநோய் என்பது ஒரே நோய் இல்லை. பயாப்ஸி ரிப்போர்ட்டில் கட்டி எந்த வகை என்று காட்டும் ஈஆர், பிஆர், ஹெர்-2 என்று மூன்று பெயர்கள் இருக்கும். பெரும்பாலான டிரையல்கள் முதலில் பார்ப்பது அந்த மூன்றைத்தான். ஹெர்-2-ஐக் குறிவைக்கும் டிராஸ்டுஸுமாப் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 1998-ல் அனுமதி கிடைத்தது. அதற்கு அடிப்படையான ஆய்வில் சேர்ந்தவர்கள் 469 பெண்கள். எல்லோருக்கும் நோய் பரவியிருந்தது, எல்லோருக்கும் ஹெர்-2 அதிகம். மார்பகப் புற்றுநோய் வருகிறவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத்தான் ஹெர்-2 அதிகமாக இருக்கும். வந்தவர்களை எல்லாம் சேர்த்திருந்தால் அந்த ஒருத்திக்குக் கிடைத்த பலன் மற்ற நான்கு பேரின் கணக்கில் காணாமல் போயிருக்கும். அதே மருந்தின் இந்தியத் தயாரிப்பை பெங்களூர் பயோகான் 2014-ல் சந்தைக்குக் கொண்டு வந்தது. அதற்கும் ஆய்வு நடத்தித்தான் கொண்டு வந்தார்கள். ஆகவே “உங்களுக்கு இந்த டிரையல் பொருந்தாது” என்று டாக்டர் சொன்னால், சித்தியை வேண்டாம் என்று ஒதுக்கியதாக நினைத்து அழாதே. அந்த மருந்துக்கு அவள் கட்டியில் வேலை இல்லை, அவ்வளவுதான்.

இன்னொரு கேள்வி கேட்பார்கள். கேட்கும்போது சாதாரணப் பேச்சு மாதிரிதான் இருக்கும்: “வீட்டில் என்ன வேலை செய்கிறீர்கள்?” அதற்கு ஒரு அளவுகோல் உண்டு. நோய்க்கு முன்னால் இருந்தபடியே நடமாடினால் பூஜ்யம். பாரமான வேலை முடியாது, சமையல் மாதிரி இலேசான வேலை முடியும் என்றால் ஒன்று. தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொண்டு பகலில் பாதிப் பொழுதுக்கு மேல் எழுந்து நடமாடினால் இரண்டு. பாதிக்கு மேல் படுக்கை என்றால் மூன்று. பெரும்பாலான டிரையல்களில் பூஜ்யமோ ஒன்றோ இருக்க வேண்டும், சிலவற்றில் இரண்டையும் எடுப்பார்கள். நம் ஆட்கள் இங்கேதான் குறுக்கே விழுவார்கள். “ஒரு துரும்பை எடுக்க விடமாட்டோம் டாக்டர், ராணி மாதிரி வச்சிருக்கோம்” என்பார்கள். டாக்டர் கேட்டது அவளால் முடியுமா என்று. நீங்கள் விடுகிறீர்களா என்று அவர் கேட்கவில்லை. சித்தியையே பேச விடு. வாழைத்தோட்டத்துக்கு நடந்து போய் வந்தேன் என்று அவள் வாயால் சொல்லட்டும்.

ரத்தத்தில் பொதுவாக எதிர்பார்க்கும் அளவுகள்: ஹீமோகுளோபின் 9, பிளேட்லெட் ஒரு லட்சம், வெள்ளை அணுக்களில் நியூட்ரோபில் 1,500. இவற்றுக்குக் குறையக் கூடாது. ஈரலும் சிறுநீரகமும் ஓரளவாவது வேலை செய்ய வேண்டும். ஹெர்-2 மருந்து என்றால் இதயத்துக்கு எக்கோ எடுப்பார்கள். மூளைக்குப் பரவி அதற்கு இன்னும் வைத்தியம் செய்யாதவர்களையும் கர்ப்பிணிகளையும் பால் கொடுப்பவர்களையும் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. முன்னால் எத்தனை விதமான கீமோ ஏறியது, கடைசி ஊசி எந்தத் தேதியில் என்றும் கேட்பார்கள். சில டிரையல்கள் எந்த மருந்தும் எடுக்காதவர்களுக்கு, சில எல்லாம் எடுத்தும் கேட்காதவர்களுக்கு. ஆம்பிளைகளுக்கும் இந்த நோய் வரும், நூற்றில் ஒருவர் போல. அவர்களை வெகுகாலம் ஆய்வுகளுக்கு வெளியிலேயே நிறுத்தியிருந்தார்கள், இப்போதுதான் கொஞ்சம் கதவு திறந்திருக்கிறது.

நாட்டு மருந்து விஷயத்தை மறைக்காதே. பாளையங்கோட்டையில் 1964-லிருந்து அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிற சீமை இது. சூரணமோ லேகியமோ இல்லாத வீடு உண்டா? சித்த வைத்தியத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் புது மாத்திரைகள் பல ஈரலில்தான் சிதைகின்றன, கூடச் சாப்பிடும் மூலிகை அந்த வேகத்தைக் கூட்டவும் செய்யும், குறைக்கவும் செய்யும். சொல்லாமல் இரண்டையும் சாப்பிட்டு ஈரல் கெட்டால், எதனால் கெட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. கேட்டால் டப்பாவோடு கொண்டுபோய்க் காட்டு.

இப்போது மும்பை டாடா மெமோரியலில் நடந்ததைச் சொல்கிறேன், இதை மட்டுமாவது நீ மனசில் வைக்க வேண்டும். முதல் தடவை ஆஸ்பத்திரிக்கு வரும்போதே நோய் பரவிவிட்ட பெண்களுக்கு மார்பை எடுத்தால் ஆயுள் கூடுமா? கூடும் என்று பல டாக்டர்கள் நம்பினார்கள். ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் அதிக நாள் இருந்ததாகப் பழைய ஏடுகளும் காட்டின. ஆனால் கொஞ்சம் தெம்பாக இருந்தவர்களைத்தானே ஆபரேஷனுக்கே எடுத்திருப்பார்கள்? ராஜேந்திர பட்வே குழுவினர் 2005 பிப்ரவரியிலிருந்து 2013 ஜனவரி வரை இதற்கு ஓர் ஆய்வு நடத்தினார்கள். வயது 65-க்குள் இருக்க வேண்டும், இன்னும் ஒரு வருஷமாவது உயிரோடு இருப்பார் என்று மதிப்பிடக்கூடியவராக இருக்க வேண்டும், முதலில் கொடுத்த மருந்துக்கு நோய் கட்டுப்பட்டிருக்க வேண்டும். நோய் பரவிய நிலையில் வந்த 716 பெண்களில் ஆய்வுக்குள் போனவர்கள் 350 பேர்தான். குலுக்கல் முறையில் 173 பேருக்கு ஆபரேஷனும் கரண்டும் (கதிர்வீச்சு), 177 பேருக்கு அது இல்லை. 2015-ல் முடிவு வந்தது. ஆபரேஷன் செய்தவர்களில் பாதிப் பேர் 19.2 மாதமும், செய்யாதவர்களில் பாதிப் பேர் 20.5 மாதமும் தாண்டியிருந்தார்கள். ஆயுள் கூடவில்லை. துருக்கியில் நடந்த ஓர் ஆய்வு வேறு மாதிரிச் சொன்னது, பிறகு அமெரிக்காவில் நடந்தது டாடா சொன்ன பக்கமே நின்றது. நாலாம் ஸ்டேஜில் வருகிறவளிடம் இன்று டாக்டர் எடுத்த எடுப்பில் கத்தியைப் பற்றிப் பேசாமல் இருக்கிறார் என்றால், அந்த 350 பேருக்கு அதில் பங்குண்டு. அவர்களில் பலர் முடிவைப் பார்க்க இல்லை.

குலுக்கல் என்றதும் உனக்குத் திக்கென்றிருக்கும். பரவிய புற்றுநோய் ஆய்வுகளில், இருக்கிற நல்ல வைத்தியத்தை நிறுத்திவிட்டு வெறும் சர்க்கரை மாத்திரை தருவது வழக்கமில்லை. இருக்கிற வைத்தியம் ஒரு பக்கம், அதனோடு புது மருந்து சேர்ந்தது இன்னொரு பக்கம் என்றுதான் பெரும்பாலும் இருக்கும். எந்தப் பக்கம் விழும் என்பது டாக்டர் கையில்கூட இல்லை.

பயப்படவும் காரணம் உண்டு, அதையும் மூடி மறைக்க மாட்டேன். நம் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் போகிற திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையமான ஆர்.சி.சி.யில் 1999, 2000-ல் வாய்ப்புற்று நோயாளிகளின் கட்டியில் சோதனை மருந்து ஒன்றை ஊசியாகப் போட்டார்கள். கூட்டாகச் செய்தவர் அமெரிக்க ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர். 2001-ல் அந்தப் பல்கலைக்கழகமே விசாரித்து, தன் நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் நடந்தது என்று சொன்னது. அதற்கப்புறம்தான் நாட்டில் விதிகள் ஒவ்வொன்றாக இறுகின. ஆய்வுகளைப் பதிவு செய்யும் சி.டி.ஆர்.ஐ. என்ற பொதுப் பதிவேடு 2007-ல் வந்தது, 2009-லிருந்து பதிவு கட்டாயம். எந்த ஊர் ஆஸ்பத்திரியில் நடக்கிறது, யாரைச் சேர்ப்பார்கள், யாரைச் சேர்க்க மாட்டார்கள் என்று அதிலேயே இருக்கும். போன் வைத்திருக்கிற நீ அதைத் தேடலாம். பதிவு எண் கேட்டு முகம் சுளிக்கிற இடமாக இருந்தால் எழுந்து வந்துவிடு.

ஆய்வால் கெடுதல் வந்தால் இலவச வைத்தியமும் இழப்பீடும் விதியிலேயே இருக்கிறது. போக்குவரத்துச் செலவும் கூலி இழப்பும் தரலாம் என்று 2017-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். வழிகாட்டியிலேயே எழுதியிருக்கிறார்கள். வாய் விட்டுக் கேள், கேட்பது பிச்சை இல்லை. கொற்கையிலிருந்து திருநெல்வேலி போய் அங்கிருந்து திருவனந்தபுரமோ சென்னையோ என்றால், மூன்று வாரத்துக்கு ஒரு தடவை யார் கூடப் போவது? உன் அண்ணனுக்கு லீவு கிடைக்குமா? இதைச் சேருமுன் பேசி முடியுங்கள். பயாப்ஸி எடுத்த லேபில் மெழுகு பிளாக்கையும் ஸ்லைடையும் கேட்டு வாங்கி வை. அது இல்லாமல் போய், மறுபடி ஊசி குத்த வேண்டி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சித்தி “வேண்டாம்” என்றால் விட்டுவிடு. சேர்ந்த பிறகு நடுவில் “போதும்” என்றாலும் அப்படித்தான், காரணம் சொல்ல வேண்டியதில்லை, வழக்கமான வைத்தியத்தை அதற்காக நிறுத்தவும் கூடாது. “சரி” என்றால், ஆய்வுக் குழுவின் போன் நம்பர் உள்ள தாளை அவள் பர்ஸிலும் உன் பர்ஸிலும் வையுங்கள். ராத்திரி காய்ச்சல் அடித்து ஏரல் ஆஸ்பத்திரியிலோ திருநெல்வேலி ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியிலோ கொண்டு போடும்போது, டியூட்டி டாக்டரிடம் முதலில் அந்தத் தாளைக் கொடுங்கள்.