கலவையும் கலப்படமும்

கலவை, கலப்படம் என்னும் இரு சொற்களும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. ஆயினும், ஒன்று பாராட்டுக்கு உரியது. மற்றொன்று பழிக்கு உரியது. இவற்றின் வேறுபாட்டை நன்கு விளக்குவது பிரான்சு நாட்டின் தென்பகுதியில், ரோன் ஆற்றின் அருகே அமைந்த ஒரு சிற்றூரின் வரலாறு. மதுவை நாவாலும் தீண்டாதவர்க்கு அதில் பாடம் உண்டு.

அவ்வூரின் பெயர் ஷாத்தோநெஃப் டு பாப். 'போப்பாண்டவரின் புதுக்கோட்டை' என்பது பொருள். 14ஆம் நூற்றாண்டில் போப்பாண்டவர்கள் அருகிலுள்ள அவிஞோன் நகரில் வாழ்ந்தபோது இங்கே எழுப்பிய கோட்டையே அப்பெயருக்குக் காரணம்.

1863 அளவில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபைலாக்செரா என்னும் நுண்பூச்சி, ரோன் பகுதித் திராட்சைக் கொடிகளின் வேரைத் தின்னத் தொடங்கியது. தோட்டங்கள் அழிந்தன. மது அருகியதும் போலிகள் பெருகின. ஷாத்தோநெஃப் மதுவுக்கோ இரட்டைத் துன்பம். அதன் பெயரைப் பிறர் திருடினர்; அதன் மதுவோ வடக்கே பர்கண்டி வணிகரின் பீப்பாய்களில், மெலிந்த மதுவுக்கு வலுவூட்டப் பெயரின்றிக் கலந்தது. உழைத்தவனுக்குப் பெயரும் இல்லை, உரிய விலையும் இல்லை.

இந்நிலையை மாற்ற, 1923 முதல் அவ்வூர் உழவர்கள் பியேர் லெ ருவா என்னும் பிரபுவின் தலைமையில் திரண்டனர். அவர் சட்டம் பயின்றவர். முதல் உலகப் போரில் விமானியாக இருந்தவர். பிறர்மீது வழக்குத் தொடுக்குமுன் அவர்கள் தமக்கே விதி வகுத்துக்கொண்டனர். எந்நிலத்தில் பயிரிடுவது, எவ்வகைப் பழங்களைச் சேர்ப்பது, மதுவின் வலு எவ்வளவு இருப்பது என வரையறுத்தனர். 1936இல் அரசும் அவ்வூர்ப் பெயருக்குச் சட்டக் காப்பு அளித்தது.

அவ்விதிகள் கலப்பதைத் தடுக்கவில்லை என்பதே வியப்பு! 13 வகைத் திராட்சைகளுக்கு அவை இடமளித்தன. அவற்றுள் தலையாயது கிரெனாஷ். அது இனிமையும் வெம்மையும் தரும். நிறமோ குறைவு, காற்றுப் பட்டால் விரைவில் கெடும். சிரா கருமை நிறமும் மிளகின் மணமும் சேர்க்கும். மூர்வெத்ர் துவர்ப்பும் நீடித்து நிற்கும் உறுதியும் நல்கும். பூக்கும் பருவத்தில் குளிர்மழை பெய்து கிரெனாஷ் பூ உதிர்ந்தாலும், மற்றவை உழவனைக் கைவிடா. ஒன்றன் குறையை மற்றொன்று நிறைப்பதன்றோ நல்ல கூட்டு!

உணவோடு சேரும்போதும் இந்நெறியே தொடர்கிறது. அப்பகுதி மக்கள் ரோஸ்மேரியும் தைமும் இட்டு வாட்டிய ஆட்டிறைச்சியையும், மதுவிலும் பூண்டிலும் நெடுநேரம் வெந்த 'டோப்' என்னும் மாட்டிறைச்சிக் குழம்பையும் இம்மதுவோடு உண்பர். மதுவின் துவர்ப்பு இறைச்சியின் புரதத்தோடு பிணைந்து மென்மையாகும். கொழுப்பின் திகட்டலும் தணியும். முதிர்ந்த பாலாடைக்கட்டியும் பொருந்தும். மென்மீன் பொருந்தாது, அதனோடு சேர்ந்தால் நாவில் உலோகச் சுவை தட்டும். மிளகாயின் எரிச்சலையோ இதன் வலு மிகுதிப்படுத்தும். எல்லாம் எல்லாவற்றோடும் சேர்ந்துவிடுவதில்லை.

பர்கண்டியின் பீப்பாயிலும் ஷாத்தோநெஃப்பின் பீப்பாயிலும் நிகழ்ந்தது கலத்தலே. முன்னது மறைத்துச் செய்தது. பின்னது இன்ன நிலம், இன்ன பழம் என்று ஊரறியச் சொல்லிச் செய்தது. குப்பியின்மேல் எழுதப்படும் ஊர்ப்பெயர் வாங்குவோர்க்கு அளிக்கும் வாக்குறுதி. அதைக் காத்தவரையே அப்பெயரும் காத்து நிற்கிறது.